‘ஈக்’: இழுப்பதா, சேர்ப்பதா?

கேள்வி: அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். பயிற்சி வகுப்பில் கொடுத்த நோட்டில் ‘ஈக்’ (eke) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ‘நீளமாக்கு’ என்று பொருள் போட்டிருக்கிறது. அதை நம்பி, ‘ஈக் அவுட் எ லிவிங்’ என்று வந்த ஒரு வரியை, ‘கொலுசுப் பட்டறையில் வேலை செய்து வாழ்நாளை நீட்டினான்’ என்று மொழிபெயர்த்தேன். அண்ணன் தப்பு என்கிறான். வகுப்பில் சரி என்கிறார்கள். யார் சொல்வது சரி?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: அண்ணன் சொல்வதுதான் சரி.

நோட்டில் இருப்பது முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ‘நீட்டு, பெருக்கு’ என்பது அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள், அகராதியிலும் உண்டு. ஆனால் இன்றைய வழக்கைச் சொல்லாமல் பழையதை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது, பணம் கட்டிப் படிக்க வரும் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறீர்கள். பட்டறையில் வெள்ளிக் கம்பி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளை போட்ட இரும்புப் பலகையில் பெரிய துளையில் தொடங்கி, சின்னது, அதைவிடச் சின்னது என்று இழுக்க இழுக்கக் கம்பி நீண்டுகொண்டே போகும், மெலிந்துகொண்டும் போகும். எடை மட்டும் கூடாது. இப்படி உள்ளதையே இழுத்து நீளமாக்க ஆங்கிலத்தில் ‘லெங்தென்’ இருக்கிறது, ‘எலாங்கேட்’ இருக்கிறது. ‘ஈக் அவுட்’டுக்கு அங்கே வேலை இல்லை. பற்றாத பொருளோடு வெளியிலிருந்து கொஞ்சம் சேர்த்து, அதைப் போதுமானதாக ஆக்குவதுதான் அதன் முதல் வேலை.

மாசக் கடைசி. காபித்தூள் டப்பாவின் அடியில் இரண்டு ஸ்பூன்தான் கிடக்கிறது. சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள். அம்மா சிக்கரியைக் கூடக் கொஞ்சம் கலந்து அந்த நாலு நாளையும் ஓட்டிவிடுகிறார். இப்போது அவர் காபித்தூளை ‘ஈக் அவுட்’ செய்தார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்த காலத்திலும் ஆங்கிலேயர் இந்தப் பொருளில் இதைத் தாராளமாகப் புழங்கினார்கள்.

அதன் பிறப்பே அப்படி. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் ‘கூட்டு, பெருக்கு’ என்று பொருள். லத்தீன் வழி வந்த ‘ஆக்மெண்ட்’ இதற்குத் தூரத்துச் சொந்தம். பட்டப்பெயரைச் சொல்கிற ‘நிக்நேம்’ சொந்த வீட்டுப் பிள்ளை. முதலில் அது ‘அன் ஈக்நேம்’, அதாவது கூடுதலாக வைத்த பெயர். பேச்சு வேகத்தில் ‘அன்’னில் இருந்த ‘ன்’ அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு, ‘எ நிக்நேம்’ ஆகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சொற்கதை இது. (உச்சரிப்பு ‘ஈக்’ மட்டுமே. கடைசி எழுத்தைச் சேர்த்து ‘எகே’ என்று படிக்காதீர்கள்.)

அப்படியானால் ‘ஈக் அவுட் எ லிவிங்’ எப்படி வந்தது? முதலில் குறைவாக இருக்கிற பொருளைச் சொல்லித்தான் எழுதினார்கள்: கூலியை, தோட்ட வேலை பார்த்து ஈக் அவுட் செய்தான். அதாவது பற்றாத கூலிக்கு ஈடுகட்டினான். பிறகு அப்படிப் பாடுபட்டுக் கிடைத்த பிழைப்பையே அந்த இடத்தில் வைத்தார்கள். 1926-இல் வந்த தம் ஆங்கில வழக்கு நூலில் ஃபவுலர் இதைக் கண்டித்தார். எழுதுகிறவர்கள் கேட்கவில்லை. இன்று அகராதிகள் இதையும் ஏற்றுக்கொண்டுவிட்டன; தேர்வில் தயங்காமல் எழுதலாம். போராடி மயிரிழையில் ஜெயித்தாலும் இப்போது இதே சொல்லைப் போடுகிறார்கள்.

நீட்டுவதைச் சொல்லும் மற்ற சொற்கள் சுலபம். நோயோ பேச்சோ காலத்தில் நீண்டால் ‘புரொலாங்’. விண்ணப்பத் தேதியை நீட்டித்தாலும், ஏற்காடு பஸ்ஸை அடுத்த ஊர் வரை விட்டாலும் ‘எக்ஸ்டெண்ட்’.

உங்கள் வரிக்கு வருகிறேன். ‘வாழ்நாளை நீட்டினான்’ என்று படித்தால், வைத்தியம் பார்த்து ஆயுளைக் கூட்டிக்கொண்டவன்தான் கண்ணுக்குத் தெரிகிறான். பட்டறைக்காரரின் பாடு அதில் இல்லை. அவருக்குத் தமிழில் சொல் இருக்கிறது: ‘கொலுசுப் பட்டறையில் வேலை செய்து எப்படியோ வயிற்றைக் கழுவினான்.’ ‘காலம் தள்ளினான்’ என்றாலும் சரிதான்.

நோட்டில் திருத்தி எழுதி, வகுப்பிலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்களோடு படிக்கிறவர்களும் ‘நீளமாக்கு’ என்றுதானே மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்.