பயிற்சி மருந்தாளராக முதல் நாள்: எதைக் கொண்டுபோவது, எதைப் படிப்பது?

கேள்வி: அடுத்த திங்கட்கிழமை பினாங்கு மருத்துவமனையில் பயிற்சி மருந்தாளராகச் சேர்கிறேன். முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்? எதைப் படித்துவிட்டுப் போவது? கவுண்டரில் நோயாளி எதிரே வந்து நின்றதும் எல்லாம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் காகிதங்களை முடித்துவிடுவோம். பணி நியமனக் கடிதம், அடையாள அட்டை, பட்டச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஆகியவற்றோடு, மலேசிய மருந்தியல் வாரியம் கொடுத்த தற்காலிகப் பதிவுச் சான்றிதழும் கட்டாயம் வேண்டும். அசலோடு இரண்டிரண்டு நகல் இருக்கட்டும். வெள்ளைக் கோட், கால் மூடிய காலணி, பாக்கெட் நோட்டு, சின்ன கால்குலேட்டர் போதும். ஜாலான் ரெசிடென்சி பக்கம் காலையில் வண்டி நிறுத்த இடம் தேடி அலையாமல் இருக்கச் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். முதல் சம்பளம் தாமதமாகலாம் என்பதால் ஒரு மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் நாளில் லாப்போர் டிரி (பணியில் சேர்ந்ததைப் பதிவு செய்வது), விளக்கக் கூட்டம், பிரிவுகளைச் சுற்றிக் காட்டுவது என்று பாதி நாள் போய்விடும். வெளிநோயாளி, உள்நோயாளி, வார்டு, புற்றுநோய் மருந்து கலக்கும் அறை, மருந்து தகவல் சேவை எல்லாம் ஒரே நாளில் மனதில் நிற்காது. உயர் அபாய மருந்துகள் (தவறிக் கொடுத்தால் பெரிய தீங்கு செய்பவை) எங்கே இருக்கின்றன, குளிர்பெட்டி எது, சந்தேகம் வந்தால் யாரிடம் போவது, இந்த மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்தியல் புத்தகத்தை முதலிலிருந்து புரட்ட வேண்டாம். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு, லேபிள், மருந்து மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம்தான் முதல் வாரத்தில் வர வேண்டியது. சீட்டைச் சரிபார்ப்பது, மருந்தை எடுப்பது, லேபிள் ஒட்டுவது, இன்னொருவர் மறுபடி சரிபார்ப்பது, நோயாளியிடம் கொடுப்பது என்று வேலை நகரும். கூட்டம் நெருக்கும்போது அந்த மறுசரிபார்ப்பு வெறும் கையெழுத்தாகிவிடும். தவறுகள் நழுவிப் போவது அங்கேதான். நீங்கள் பார்க்காத மருந்துக்கு, சீனியர் அவசரப்படுத்தினாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

பெயர் ஒத்துப்போகும் மருந்துகளிலும் கவனம் வேண்டும். கார்பமசெபின் வலிப்புக்கு, கார்பிமசோல் தைராய்டுக்கு. ஹைட்ராலசின் ரத்தக் கொதிப்புக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. பெயரின் முதல் பாதியைப் படித்ததும் கை தானாக நீளும். பெட்டியில் பெயரையும் மில்லிகிராமையும் கடைசி எழுத்துவரை வாசித்துவிட்டு எடுங்கள். சுருக்கக் குறிகளிலும் இதே ஆபத்து. ஈ.ஓ.டி. என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். அவசரத்தில் அது ஓ.டி. (தினம் ஒருமுறை) ஆகத் தெரிந்தால் நோயாளி தினமும் விழுங்குவார். இன்சுலின் அளவுக்குப் பின்னால் யூனிட் என்பதற்குக் கையால் எழுதிய 'யு' பூஜ்யமாகத் தெரிந்தால் 10 யூனிட் 100 ஆகிவிடும்.

குழந்தை மருந்துக் கணக்கை மட்டும் வீட்டிலேயே நன்றாகப் பழகிவிட்டுப் போங்கள். 12 கிலோ குழந்தைக்கு பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 180 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றால் 7.5 மி.லி. வரும். அதே 7.5 மி.லி.யை 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பிலிருந்து கொடுத்தால் 375 மி.கி., இரண்டு மடங்குக்கும் மேல். கணக்கு சரியாக இருந்தும் பாட்டில் மாறியதால் வருகிற தவறு இது. மில்லிலிட்டரை எழுதுமுன் பாட்டிலைக் கையில் எடுத்து அதன் செறிவைப் படியுங்கள். எடை எழுதாத சீட்டு வந்தால் ஊகிக்காமல் கேட்டு வாங்குங்கள்.

மெத்தோட்ரெக்சேட்டைக் கண்டால் நின்று பாருங்கள். மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒருமுறைதான். 10 மி.கி. என்றால் 2.5 மி.கி. மாத்திரை நான்கு, வாரத்தில் ஒரே நாள். லேபிளில் கிழமையை எழுதி, வாயாலும் சொல்லுங்கள். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

இனி உங்கள் கவுண்டர் பயம். முழுப்பெயரையும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணையும் நோயாளி வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். "நீங்கதான் முனியம்மாவா?" என்று கேட்டால், காது கேளாத பாட்டி எதற்கும் தலையாட்டுவார். அடுத்து, மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள், மலாயில் "அடா அலஹான் உபாட்?" போதும். தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர்கள் பினாங்கில் நிறையப் பேர் வருவார்கள். "இது இனிப்பு நீருக்கு, காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டோட ஒண்ணு" என்று பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு, "எப்படிச் சாப்பிடுவீங்க, ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அவருக்கு என்ன புரிந்தது என்று தெரியும். பதில் தெரியாத கேள்வி வந்தால், "கொஞ்சம் இருங்க, கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்வதில் தப்பே இல்லை. பயிற்சிக் காலமான ஓராண்டும் முழுப் பதிவு பெற்ற மருந்தாளரின் மேற்பார்வையில்தான் வேலை செய்வீர்கள். அவரிடம் கேட்பது உங்கள் வேலையில் சேர்த்தி.

முதல் நாள் மாலையே லாக்புக்கை (பயிற்சிப் பதிவேட்டை) திறந்து, செய்ததையும் பார்த்ததையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள். அந்தந்த வாரமே பிரிசெப்டரிடம் (உங்களுக்குப் பயிற்சி தரும் மருந்தாளரிடம்) கையெழுத்து வாங்குங்கள். பிரிவு மாறிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.