தேவாலயத்தில் இலவச மதியக் கச்சேரி: எங்கே தொடங்குவது, எங்கே சொதப்பும்?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். எங்கள் பகுதித் தேவாலயத்தில் மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம், மேற்கத்திய சேம்பர் இசை (சில கலைஞர்கள் மட்டும் சேர்ந்து வாசிப்பது) நிகழ்ச்சியை இலவசமாக நடத்தலாம் என்று நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். கையில் பணம் அதிகமில்லை. எதிலிருந்து தொடங்க வேண்டும்? எங்கே சொதப்பும்?

பதில்: கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள். மதியக் கச்சேரியில் பணம், பியானோ, என்ன வாசிப்பது எல்லாமே நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. ஒரு மணி நேர இடைவேளையில் ஓடி வருகிறவர் 2 மணிக்குத் தன் நாற்காலியில் இருந்தாக வேண்டும். ஒரு தடவை பாதியில் எழுந்து போக நேர்ந்தால் அடுத்த மாதம் வரமாட்டார். நிகழ்ச்சி மோசம் என்று சொல்லமாட்டார், வரமாட்டார், அவ்வளவுதான்.

லண்டன் பிக்காடில்லியில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் இலவச மதியக் கச்சேரி நெடுங்காலமாக 1.10-க்குத் தொடங்கும். சிகாகோவில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் நினைவுக் கச்சேரிகள் 1977 முதல் புதன்கிழமைகளில் நடக்கின்றன, தொடக்கம் 12.15. ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபவ் அரங்கில் 12.30, அதுவும் அரை மணிதான். அலுவலகத்திலிருந்து நடந்து வரும் நேரத்தையும் திரும்பிப் போகும் நேரத்தையும் கழித்து வைத்த கணக்கு இது. உங்களுக்கு 1.05-க்குத் தொடங்கி 1.50-க்கு முடிப்பது சரிவரும். கதவை 12.30-க்கே திறந்துவிடுங்கள். சிறு நகரத்தில் கூட்டத்தில் பெரும்பகுதி பணி ஓய்வு பெற்றவர்கள்தான். வார நாட்களில் முதியோர் இலவச பஸ் பாஸ் காலை 9.30-க்குப் பிறகுதான் செல்லும் என்பதால் அவர்களுக்கும் மதியம் வசதி. முன்னதாகவே வந்து டீ குடித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த டீயை அலட்சியப்படுத்தாதீர்கள். போர்க்காலத்தில் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் அதே மைரா ஹெஸ் நடத்திய மதியக் கச்சேரிகளில் சாண்ட்விச் கேன்டீனும் பேர்போனது, நம் சபா கேன்டீன்கள் மாதிரி. 1939 அக்டோபரில் தொடங்கி 1946 வரை 1,698 கச்சேரிகள். ஆனால் அவை இலவசம் அல்ல. ஒரு ஷில்லிங் கட்டணம் இருந்தது. கட்டணம் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அந்த ஷில்லிங்குக்கு ஈடாக எது வரும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

45 நிமிடத்தில் வாசிப்புக்குக் கிடைப்பது 39 அல்லது 40 நிமிடம். உள்ளே வந்து உட்கார, சுருதி சேர்க்க, இரண்டு வார்த்தை பேச, கைதட்டு வாங்க மீதி போய்விடும். கலைஞர்கள் 'சுமார் அரை மணி' என்று சொல்வது பெரும்பாலும் 35 நிமிடமாக முடியும், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக நிமிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். எது பொருந்தும் என்றால்: ஹைடனின் 'பறவை' குவார்ட்டெட் (நால்வர் வாசிப்பது) 18 நிமிடம், ஷோஸ்டகோவிச்சின் 8-ஆம் குவார்ட்டெட் 20 சொச்சம், இரண்டும் சேர்ந்தால் அளவெடுத்துத் தைத்தாற்போல் நிற்கும். டுவோர்ஷாக்கின் 'அமெரிக்கன்' 26 நிமிடம். அதற்கு முன் ஷூபர்ட் ஒரே பகுதியோடு நிறுத்திவிட்ட சி மைனர் குவார்ட்டெட்டைப் போடலாம், அது 10 நிமிடத்துக்குள் முடியும். மோட்சார்ட்டின் கிளாரினெட் குவின்டெட் (ஐவர் வாசிப்பது) 33 நிமிடம், அது மட்டுமே ஒரு கச்சேரி. ஷூபர்ட்டின் 'டிரவுட்' குவின்டெட், முதல் பகுதியின் தொடக்கப் பிரிவை இரண்டாம் முறை வாசிக்காமல் விட்டால்தான் அடங்கும். அவருடைய சி மேஜர் குவின்டெட்டைத் தொடவே தொடாதீர்கள். 50 நிமிடத்தைத் தாண்டும். எவ்வளவு உன்னதமான படைப்பு என்றாலும் மெதுவான பகுதியின் நடுவில் ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் ஓசை கேட்க வேண்டிவரும்.

முதல் ஆறு மாதம் பியானோ இல்லாத குழுக்களையே அழைக்கலாம் என்பது என் கருத்து. சொதப்பல்களில் பாதி பியானோவால் வருவது. தேவாலயப் பியானோவை ட்யூன் செய்பவர் காலையில் குளிர்ந்த கட்டடத்தில் வேலையை முடிப்பார், அதன் பிறகு ஹீட்டிங்கைப் போடுவார்கள். காற்றின் ஈரம் குறைந்து ஒலிப்பலகை சுருங்க, 1 மணிக்குள் சுருதி நழுவியிருக்கும். முதலில் ஹீட்டிங், மூன்று மணி நேரமாவது கழித்து ட்யூனர், அதன்பின் ஒத்திகை என்பதுதான் வரிசை. குளிர்காலத்தில் அதிகாலையிலேயே சூடேற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவைத் தேவாலயத்தோடு முன்கூட்டிப் பேசிவிடுங்கள். உள்ளே 18 டிகிரியாவது இல்லாவிட்டால் விரல் ஓடாது. கிளாரினெட், புல்லாங்குழல் இரண்டும் குளிரில் சுருதி இறங்கி பியானோவோடு ஒட்டாது. காற்று ஊதும் ஹீட்டராக இருந்தால் 1 மணிக்கு நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் மெல்லிய வாசிப்பை விழுங்கிவிடும். பியானோ வாசிப்பவருக்குப் பக்கம் திருப்ப ஒரு ஆள் வேண்டும், அவரே கூட்டி வருகிறாரா என்று கேளுங்கள்.

கட்டடத்தில் வேறு சிலவற்றையும் பார்த்து வையுங்கள். கோபுர மணி கால் மணிக்கு ஒரு முறை அடிக்குமா? அடித்தால் 1.15, 1.30, 1.45 என மூன்று தடவை கச்சேரிக்கு நடுவில் விழும், நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். ஓடு பதித்த தரையில் செல்லோவின் முள் வழுக்கும், ஒரு பழைய கம்பளத் துண்டோ துளை போட்ட பலகையோ வையுங்கள். கைப்பிடி இல்லாத, தட்டையான நாற்காலி நான்கு வேண்டும். தேவாலயங்களில் கிடைக்கும் பின்பக்கம் சாய்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லோ வாசிக்க முடியாது. டிசம்பர் மதியத்தில் வண்ணக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் நோட்ஸ் படிக்கப் போதாது, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கிளிப் விளக்கு தேவை.

பெரிய கல் கட்டடத்தில் எதிரொலி நீளும். வேகமான ஹைடன் பகுதிகள் குழம்பிப்போகும், பியானோ வயலினை மூழ்கடிக்கும். பியானோ மூடியைக் குட்டைக் கோலில் நிறுத்துங்கள். பின்வரிசை பெஞ்சுகளைக் கயிறு கட்டி அடைத்து எல்லோரையும் முன்னால் உட்கார வையுங்கள். 40 பேர் முன்னால் நெருங்கி உட்கார்ந்தால் கூட்டம் மாதிரி இருக்கும், 300 பேர் இடத்தில் சிதறி உட்கார்ந்தால் துக்க வீடு. வாசிப்புக்கு மைக் வேண்டாம், பேச்சுக்குக் கட்டாயம் வேண்டும். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கான ஹியரிங் லூப் பல தேவாலயங்களில் இருக்கும். அதை யாரும் ஆன் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

கலைஞர்கள் எங்கே கிடைப்பார்கள்? ராயல் அகாடமி, ராயல் காலேஜ், கில்ட்ஹால், டிரினிட்டி லாபான் போன்ற இசைக் கல்லூரிகளில் வெளி நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்ய அலுவலகம் இருக்கிறது. மாணவர்களுக்குப் போட்டிக்கோ தேர்வுக்கோ முன்னால் அதே படைப்பை ஆட்கள் முன் வாசித்துப் பார்க்க வேண்டிய தேவை உண்டு. உங்களுடைய உண்மையான முதலீடு அதுதான். ஆனால் 'உங்களுக்கு நல்ல விளம்பரம்' என்று சொல்லி ஒன்றும் கொடுக்காமல் அனுப்பாதீர்கள். கேட்பவர்களுக்கு இலவசம் என்றால் வாசிப்பவர்களுக்கும் இலவசம் என்று ஆகாது. ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதியாகச் சொல்லுங்கள், பயணச் செலவு தனி, மதிய உணவு தனி. உதாரணத்துக்கு நான்கு பேருக்குத் தலா 60 பவுண்டு என்றால் 240. அறுபது பேர் வந்து வாசலில் வைத்த நன்கொடைத் தட்டில் ஆளுக்குச் சராசரி 4 பவுண்டு போட்டால் அது வந்துவிடும். முப்பது பேர்தான் வந்தால் 120 உங்கள் கையிலிருந்து போகும். ஆகவே தொடங்குமுன் மூன்று கச்சேரிக்கான முழுத் தொகையைக் கையிருப்பில் வையுங்கள்.

தட்டில் விழும் பணம் எவ்வளவு என்பது அறிவிப்பு எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. கடைசிப் படைப்புக்கு முன்னால் சொல்லுங்கள். முடிந்த பிறகு சொன்னால் கைதட்டிக்கொண்டே பாதிப் பேர் வாசலைத் தாண்டியிருப்பார்கள். வாசல் இரண்டு என்றால் இரண்டிலும் ஆளும் தட்டும் வேண்டும். தட்டில் முதலிலேயே ஒரு 10 பவுண்டு நோட்டும் இரண்டு 5 பவுண்டு நோட்டும் போட்டு வையுங்கள், சில்லறை மட்டும் கிடந்தால் சில்லறைதான் விழும். கான்டாக்ட்லெஸ் கருவியில் 5 பவுண்டு என்று முன்பே அமைத்து வைக்கலாம். தடித்த கல் சுவருக்குள் மொபைல் சிக்னல் செத்துப்போகும் என்பதால் வாசலிலேயே நின்று சோதித்துப் பாருங்கள்.

தேவாலயம் அறக்கட்டளையாக இருப்பதால் கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகைத் திட்டம் வழியாக, வரி கட்டுகிறவர் பெயரும் ஒப்புதலும் எழுதித் தந்து கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் திரும்பப் பெறலாம். 30 பவுண்டுக்கு மேற்படாத ரொக்க, கான்டாக்ட்லெஸ் நன்கொடைகளுக்கு, கொடுத்தவர் பெயர் இல்லாமலே ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரையான தொகை மீது இதே சலுகையைக் கேட்கும் சிறு நன்கொடைத் திட்டமும் உண்டு. தேவாலயப் பொருளாளர் ஏற்கெனவே ஞாயிறு காணிக்கைக்கு அந்த வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று முதலில் விசாரியுங்கள். சுவரொட்டியில் 'குறைந்தபட்ச நன்கொடை 5 பவுண்டு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது நுழைவுக் கட்டணம் ஆகிவிடும், வரிச் சலுகை போய்விடும். 'அனுமதி இலவசம், விரும்பினால் நன்கொடை' என்று எழுதுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்து, வேல்ஸில் காலை 8 முதல் இரவு 11 வரை ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசைக்குத் தனி உரிமம் தேவையில்லை. டீக்கும் தேவையில்லை. ஒயின் விற்பதானால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும், குறைந்தது 10 வேலை நாள் முன்னதாக. காப்புரிமை வேறு விஷயம். இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டு முடிந்த ஆண்டிறுதி வரை அது நீடிக்கும். ராவெல், பார்டோக், புரோக்கோஃபியெவ் இப்போது விடுபட்டவர்கள். வாகன் வில்லியம்ஸ் 2028 முடியும்வரையும் ஷோஸ்டகோவிச் 2045 முடியும்வரையும் காப்பில் இருக்கிறார்கள். மேலே சொன்ன 8-ஆம் குவார்ட்டெட்டுக்கே பிஆர்எஸ் (இசையமைப்பாளர்களுக்கான உரிமைத் தொகையை வசூலிக்கும் அமைப்பு) உரிமம் தேவை என்று பொருள். தேவாலயத்திடம் உள்ள உரிமம் கச்சேரிக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பழைய படைப்புக்கு இன்று ஒருவர் செய்த இசையமைப்பு மாற்றத்துக்கும் தனிக் காப்புரிமை உண்டு, இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு தேவாலயத்துடையது உங்கள் நிகழ்ச்சியையும் உள்ளடக்குகிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சித் தாளை ஏ4 தாளை மடித்துப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். படைப்பின் பகுதிகளை வரிசையாகப் போட்டால் எங்கே முடிகிறது என்று கூட்டத்துக்குத் தெரியும். அப்படியும் நடுவில் கைதட்டினால் தட்டட்டும், முறைக்காதீர்கள். பின்பக்கம் அடுத்த மூன்று தேதிகள். இதைவிடப் பலன் தரும் விளம்பரம் கிடையாது, ஏனென்றால் அந்தத் தாள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் போய் ஒட்டிக்கொள்ளும். தேதியை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். 'மாதத்தின் இரண்டாவது வியாழன்' என்றால் எப்போதும் இரண்டாவது வியாழன். ஆகஸ்டில் விட்டுவிடுங்கள், கல்லூரி மூடியிருக்கும். மாணவர்கள் தேர்வில் இருக்கும் மே, ஜூன் மாதங்களுக்கு உள்ளூர் ஆசிரியர்களை இப்போதே பிடித்து வையுங்கள்.

ஒரு வாரம் முன்பு கலைஞர்களுக்கு ஒரே கடிதத்தில் எல்லாம் போகட்டும்: ஒத்திகை 11.15 முதல் 12.20 வரை, கார் எங்கே நிறுத்துவது, மாடிப்படி உண்டா, வயலின் பெட்டிகளைப் பூட்டி வைக்க அறை எது, நாற்காலியும் விளக்கும் எத்தனை, பியானோவின் சுருதி 440 ஹெர்ட்ஸ் என்பது, மணி அடிக்குமா அடிக்காதா. கடைசி வரியில், தனியாக: 'கூடுதல் உருப்படி வேண்டாம், 1.50-க்கு முடிக்க வேண்டும்.'