லண்டனில் பொலிஸ் மறித்துச் சோதித்தால்

தம்பி, ஸ்டேஷன் வாசலில் இரண்டு பொலிஸ்காரர் மறித்துப் பையைச் சோதித்ததாகவும், பதறிப்போய்க் கேட்டதெல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். மறுத்திருக்கலாமா, எதிர்த்துக் கதைத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா என்பதுதான் உங்கள் கேள்வி.

சீருடையைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு படபடப்பது புதுமையில்லை. ஊரில் ஐசி என்ற அடையாள அட்டை இல்லாமல் படலை தாண்டாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே அப்படி ஓர் அட்டையே கிடையாது. 2006இல் அதற்கென்று கொண்டுவந்த சட்டத்தையும் 2010இல் நீக்கிவிட்டார்கள். வீதியில் நடக்கும்போது விசாச் சான்றைக் கையில் வைத்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. உரிமையைக் கேட்டதற்காக விசாவைப் பறிக்கவும் மாட்டார்கள்.

"எங்கே போகிறாய்?" என்று கேட்பது வேறு, சோதிப்பது வேறு. கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை பொதுவாக இல்லை. 1966இல் ரைஸ் எதிர் கொனொலி என்று ஒரு வழக்கு. கிரிம்ஸ்பி நகரில் இரவில் நடந்துபோன ஒருவர் முழுப் பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தார். பொலிஸ் வேலைக்கு இடைஞ்சல் செய்தார் என்று தண்டித்தார்கள், மேல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. ஆனால் பிறகு வந்த ரிக்கெட்ஸ் எதிர் கொக்ஸ் வழக்கில், பதில் சொல்ல மறுத்ததோடு தூஷணத்தாலும் ஏசியவர் மீதான தண்டனை நிலைத்தது. இரண்டாவது தீர்ப்பைச் சட்டம் படித்தவர்களே குறை சொல்வார்கள், எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் வீதியில் நிற்கிறபோது அதை மனதில் வைத்திருங்கள். இங்கே குரலும் சேர்த்துத்தான் எடை போடப்படும்.

சோதனை என்றால் மறுத்துவிட்டு நடக்க முடியாது, கையைத் தட்டிவிடவும் கூடாது. ஆனால் அவர்களும் நினைத்தபடி சோதிக்க முடியாது. பொலிஸின் அதிகாரங்களை வகுக்கும் 1984ஆம் ஆண்டின் பேஸ் சட்டப்படி, திருட்டுப் பொருளோ ஆயுதமோ வைத்திருப்பதாக நியாயமான சந்தேகம் வேண்டும். போதைப்பொருளுக்குத் தனிச் சட்டம் இருந்தாலும் விதி அதேதான். தோல் நிறம் மட்டும் காரணமாகாது. அதிகாரம் இல்லாத இடத்தில், நீங்களே சம்மதித்தாலும் சோதிக்கக் கூடாது. வன்முறை நடக்கலாம் என்று மேலதிகாரி ஒரு பகுதிக்குக் கொஞ்ச நேரத்துக்குக் கொடுக்கும் அனுமதிக்குப் பிரிவு 60 என்று பெயர், அதை அறிவித்த பகுதியில் தனிப்பட்ட சந்தேகம் தேவையில்லை. அப்போதும் அதைச் சொல்லவேண்டும்.

என் மகனை ஒருநாள் கடைத்தெருவில் மறித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். அவன் கைகளை ஜாக்கெட் பொக்கெட்டிலிருந்து மெல்ல வெளியே எடுத்து, வயிற்றுக்கு முன்னால் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டான். பிறகு, "வாட் ஆர் யுவர் கிரவுண்ட்ஸ், ஒஃபிசர்? அண்டர் விச் லோ?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றான். அந்த ஒஃபிசர் சற்றுத் தயங்கி, காரணத்தையும் சட்டத்தையும் தன் பொலிஸ் நிலையத்தையும் சொன்னார். எல்லாம் நாங்கள் கேளாமலே அவர் சொல்லியிருக்கவேண்டியவை. நான் கொஞ்சம் தள்ளி நின்று ஃபோனில் படம் பிடித்தேன். பொது இடத்தில் அது சட்டப்படி சரிதான், அவர்கள் வேலைக்கு இடைஞ்சலாகப் போய் நிற்காதவரை.

பெயர் கேட்டாலும், சோதனைக்காக மட்டும் என்றால் சொல்லத் தேவையில்லை. கார் ஓட்டும்போது மறித்தாலோ, பொது இடத்தில் அடாவடி செய்ததாகச் சந்தேகித்தாலோ கட்டாயம் சொல்லவேண்டும். வீதியில் வைத்து ஜாக்கெட், மேற்கோட்டு, கையுறை தவிர வேறெதையும் பொதுவாகக் கழற்றச் சொல்ல முடியாது. கைது செய்தால் அதற்குப் பிறகு வாயைத் திறக்கமுதல் சொலிசிட்டரை, அதாவது சட்டத்தரணியைக் கேளுங்கள், பொலிஸ் நிலையத்தில் அது இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம்தான். எத்தனை நல்ல ஆங்கிலம் தெரிந்தாலும் அந்த நேரத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள்.

இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உள்ள முறை. ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு.

உங்கள் விஷயம் இன்னும் முடிந்துவிடவில்லை. சோதனைப் பதிவின் பிரதியைச் சோதித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம். திகதி, நேரம், இடம், அவர்களுடைய தோளில் இருந்த இலக்கம், ஞாபகம் இருப்பதையெல்லாம் இன்றைக்கே எழுதிவைத்து அந்தப் பொலிஸ் பிரிவுக்கு அனுப்புங்கள். பதிவில் எழுதியிருக்கிற காரணம் நடந்ததோடு பொருந்தாவிட்டால் அவர்களிடமே முறைப்பாடு கொடுக்கலாம், பொலிஸ் மீதான முறைப்பாடுகளைக் கண்காணிக்கும் சுயாதீன அமைப்பான ஐஓபிசியின் இணையதளம் வழியாகவும் கொடுக்கலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் இருந்து எழுதித் தருகிறேன்.