35 சதவீதம் கூடுதல் கார்பெட் சரி, ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு இடம்?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான்கு மாடி, 32 வீடு, தனியார் மனையில் 1970-களில் கட்டிய சொசைட்டி, மனை சுமார் 1,100 சதுர மீட்டர். ரீடெவலப்மென்ட்டுக்கு, அதாவது பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட, வந்திருக்கும் பில்டர் 22 மாடிக்குப் பிளான் காட்டி, இப்போதிருக்கும் கார்பெட்டுக்கு (சுவருக்குள் புழங்கும் பரப்புக்கு) மேல் 35 சதவீதம் தருகிறேன் என்கிறார். "கமிட்டியில் வாடகை, கார்பஸ் (பில்டர் உறுப்பினர்களுக்குத் தரும் மொத்தத் தொகை), பார்க்கிங் இதைப் பற்றித்தான் பேச்சு. வீட்டின் அமைப்பைப் பற்றி என்ன கேட்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. 78 வயது அப்பா எங்களோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. என்ன கேட்கட்டும்?"

முதலில் அந்த 35 சதவீதத்தைப் பார்த்துவிடலாம். மும்பையில் இப்போது நடப்பில் இருக்கும் கட்டுமான விதித்தொகுப்பு டிசிபிஆர் 2034, 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. அதில் ஃபஞ்சிபிள் ஏரியா என்று, வழக்கமான அனுமதிக்கு மேல் கட்டிக்கொள்ளும் பரப்பு 35 சதவீதம் உண்டு, பழைய உறுப்பினர்களின் பங்குக்கு அதைப் பிரீமியம் (மாநகராட்சிக்கான கட்டணம்) கட்டாமலே எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் 30 வருடம் தாண்டிய சொசைட்டிகளுக்கு 33(7)(பி) என்ற விதி, இருக்கிற கட்டுமானப் பரப்பில் 15 சதவீதம் அல்லது வீட்டுக்கு 10 சதுர மீட்டர், இதில் எது அதிகமோ அதைக் கூடுதலாகத் தருகிறது. ஆக, பில்டர் சொல்லும் 35 சதவீதம் அவர் கைக்காசு போட்டுத் தருவது இல்லை, பேரம் பேச இடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பேரத்தை முழுக்கச் சதுர அடியிலேயே செலவழித்துவிடாதீர்கள் என்றுதான் நான் சொல்லுவேன். 20 சதுர அடி குறைந்தால் ஒரு அலமாரியோடு போகும். வெளிச்சமும் காற்றும் இல்லாத வீட்டை அடுத்த ஐம்பது வருடத்துக்கு யாராலும் சரிசெய்ய முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. கோவண்டி, மான்கூர்ட் பக்கத்து மறுகுடியமர்வு காலனிகளில் டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பு செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. நட்வர் பாரேக் காம்பவுண்டிலும் லல்லுபாய் காம்பவுண்டிலும் கட்டிடங்களுக்கு நடுவே வெறும் மூன்று மீட்டர்தான், கீழ் மாடிகளில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். இடைவெளி விட்டுக் கட்டிய பிஎம்ஜிபி காலனியோடு ஒப்பிட்டால் இந்த இரண்டிலும் காசநோய் பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள், அதிலும் வெயில் எட்டாத கீழ் மாடிகளில்தான் பாதிப்பு கூடுதல். இது குடிசையிலிருந்து வந்தவர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று ஒதுக்க முடியாது. சொந்த மனை சொசைட்டிகளிலும் இப்போது அதே மாதிரி நெருக்கிக் கட்டுகிறார்கள், முகப்பில் கண்ணாடி இருப்பதால் வெளியே தெரிவதில்லை.

நம் ஆட்கள் அந்தக் காலத்திலேயே வந்து குடியேறிய மாட்டுங்காவைப் பாருங்கள். 1896-ல் பிளேக் வந்து ஊரே நடுங்கிய பிறகு 1898-ல் அமைத்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்தான் தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் லேஅவுட் போட்டது. அவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், 63.5 டிகிரி விதி. ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டிடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு 63.5 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நிற்கக் கூடாது. எளிதாகச் சொன்னால், எதிரே 20 மீட்டர் உயரம் இருந்தால் நடுவே 10 மீட்டர் வேண்டும். உங்கள் 22 மாடி சுமார் 66 மீட்டர் வரும், அதற்கு 33 மீட்டர் இடைவெளியை இன்றைய மும்பையில் யாரும் தரப்போவதில்லை, அதை நான் கேட்கச் சொல்லவும் இல்லை. ஆனால் உங்களுக்கு ஒதுக்கியிருக்கும் மாடியிலிருந்து அந்தக் கோட்டை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள், எந்த வீட்டுக்கு வானம் தெரியும், எதற்குத் தெரியாது என்று அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

அப்படிப் போடும்போது பக்கத்து மனையில் இப்போது இருக்கும் நான்கு மாடியை வைத்துப் போடக் கூடாது. அவர்களும் நாளைக்கு ரீடெவலப்மென்ட் போவார்கள். எல்லையிலிருந்து விதி அனுமதிக்கிற குறைந்தபட்ச தூரத்தில் அங்கேயும் 22 மாடி எழுந்து நிற்பதாக வைத்துப் போடுங்கள். பில்டரின் முப்பரிமாணப் படத்தில் பக்கத்து மனை இருக்க வேண்டிய இடத்தில் மரங்களும் நீல வானமும்தான் இருக்கும், அதை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிடத்தையும் சேர்த்து வரைந்த குறுக்குவெட்டுப் படம் கேளுங்கள். மாநகராட்சிக்குக் கொடுக்க எப்படியும் செக்‌ஷன் டிராயிங் போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் பக்கத்து மனையைச் சேர்ப்பது ஆர்க்கிடெக்டுக்கு ஒரு நாள் வேலை.

சரி, விதியில் இடைவெளி எழுதியிருக்கிறதே, மாநகராட்சி பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். எழுதியிருக்கிறது, உயரம் ஏற ஏற ஓரத்தில் விட வேண்டிய இடமும் ஏறும். ஆனால் மனை சின்னது, அந்த மனைக்கு அனுமதித்த மொத்தக் கட்டுமானப் பரப்பை (எஃப்எஸ்ஐ) முழுதாகக் கட்ட முடியவில்லை என்று காட்டினால், டிசிபிஆர் விதி 6-ன் கீழ் மாநகராட்சி கமிஷனர் தளர்வு தரலாம், குறைகிற இடத்துக்குப் பில்டர் பிரீமியம் கட்டிவிடுவார். ஓபன் ஸ்பேஸ் டெஃபிஷியன்சி என்று இதைச் சொல்வார்கள். சின்ன மனைகளில் இது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. பணம் மாநகராட்சிக்குப் போகிறது, குறைந்த வெளிச்சம் மட்டும் உங்கள் படுக்கையறைக்கு வருகிறது. அந்தத் தளர்வு ஆரோக்கியத்தையும் தீப்பாதுகாப்பையும் பாதிக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது, ஆனால் பாதிக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் அங்கே குடியிருக்கப் போகிற நீங்கள்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள்: "எந்தெந்தச் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள், ஒவ்வொரு பக்கமும் விதிப்படி எத்தனை மீட்டர், நீங்கள் விடுவது எத்தனை மீட்டர்?" எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து ஜன்னல். நம்முடையது ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊர், இந்த மாதிரி ஊர்களுக்குத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்வது, அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும். 10-க்கு 12 பெட்ரூம் என்றால் 120 சதுர அடி, அதற்கு 20 சதுர அடி ஜன்னல், அதாவது 4-க்கு 5. பிளானில் இது சரியாகவே இருக்கும். ஆனால் போடுவது இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல், ஒன்று எப்போதும் இன்னொன்றின் மேல் போய் நிற்கும், காற்றுக்குத் திறப்பது 10 சதுர அடிதான். மூன்று டிராக் வைத்து மூன்று கதவு போட்டால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும், விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது, இதைக் கேட்டு வாங்கலாம். ஜன்னலிலிருந்து 7.5 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பகுதிக்கு வெளிச்சம் கிடைப்பதாகவே கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. நீளமான ஹாலுக்குக் கடைசியில் டைனிங், அதற்குப் பின்னால் கிச்சன் என்று போட்டிருந்தால் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

ஜன்னலுக்கு மேலே சஜ்ஜா, அதாவது மழையும் வெயிலும் படாமல் வெளியே நீட்டிய பலகை, இருக்கிறதா? முகப்பு வழவழவென்று தெரிய வேண்டும் என்பதற்காக இப்போது பல கட்டிடங்களில் விட்டுவிடுகிறார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சாரல் அடிக்கிற ஊரில் சஜ்ஜா இல்லாத ஜன்னலை மூடித்தான் வைக்க முடியும், மேற்குப் பக்கம் என்றால் ஏப்ரல், மே மாதத்திலும் திரை போட்டுத்தான் உட்கார வேண்டும். ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வைத்து என்ன பிரயோசனம்?

கிச்சனும் பாத்ரூமும் டக்ட்டை (கட்டிடத்தின் நடுவே மேலே வரை போகும் காற்றுக் குழியை) பார்த்து இருந்தால் டக்ட்டின் அளவைக் கேளுங்கள். 30 மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடத்துக்குத் தேசியத் தொகுப்பில் 9 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. அது பாத்ரூமுக்கான அளவு. நாள் முழுக்கத் தாளிக்கிற கிச்சனை டக்ட்டில் திறந்துவிட்டால் கீழ் வீட்டு மீன் குழம்பு வாசம் உங்கள் வீட்டு பூஜை அலமாரி வரை வரும், உங்கள் வீட்டுப் புகை மேல் வீட்டுக்குப் போகும், சண்டைதான் மிச்சம். கிச்சனுக்கு வெளிச்சுவரில் ஜன்னலும், அதை ஒட்டி துணி காயப்போட, கிரைண்டர் வைக்க ஒரு டிரை பால்கனியும் கேளுங்கள். டக்ட்டின் அடியில் ஆள் போய்ச் சுத்தம் செய்யக் கதவு வேண்டும். அது இல்லாமல் கட்டிய இடங்களில் புறாவும் கசிவும் சேர்ந்து என்ன ஆகிறது என்று மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, 32 பழைய வீடுகள் எந்த மாடியில், எந்த மூலையில் என்பது. இரண்டு சுவரில் ஜன்னல் வருகிற மூலை வீடுகளெல்லாம் விற்பனைக்கு, ஒரே பக்கம் திறப்புள்ள நடு வீடுகளெல்லாம் உறுப்பினர்களுக்கு என்று பிரித்திருப்பார்கள். பார்க்கிங் போடியத்துக்கு (கட்டிடத்தின் அடியில் கார் நிறுத்தும் தளங்களுக்கு) நேர் மேலே, கார் ஏறுகிற சரிவைப் பார்த்தபடி இருக்கும் வீடுகளும் பெரும்பாலும் நமக்குத்தான் வரும். மூலை வீடுகளில் பாதியாவது உறுப்பினர்களுக்கு, யாருக்கு எது என்பது குலுக்கலில், என்று கேட்பதில் தப்பே இல்லை. மனை உங்களுடையது.

தரையை மறந்துவிடாதீர்கள். 1,000 சதுர மீட்டரைத் தாண்டி 2,500 வரையுள்ள மனையில் 15 சதவீதம் பொழுதுபோக்குத் திடலாக விட வேண்டும், உங்களுக்கு அது 165 சதுர மீட்டர். அப்படிப்பட்ட இடம் தரையில்தான் இருக்க வேண்டும், போடியம் மேல் காட்டினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் சொன்னது. பிறகு வந்த டிசிபிஆர் ஒரு பகுதியைப் போடியத்தில் வைக்க இடம் கொடுத்துவிட்டது. சலுகைப் பட்டியலில் இந்த இடமும் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மண் தரையில் மரம் வளரும், மழைத் தண்ணீர் இறங்கும், போடியத்தில் தொட்டிச் செடிதான்.

அப்பாவுக்காகக் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. கேட்டிலிருந்து லிஃப்ட் வரை படியே இல்லாத பாதை, சரிவு 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. பாத்ரூம் கதவு உட்பட எல்லாக் கதவும் சக்கர நாற்காலி நுழைய 900 மில்லிமீட்டர். ஸ்ட்ரெச்சர் படுக்கையாகப் போகிற ஒரு லிஃப்ட், அதற்கு ஜெனரேட்டர். தீயணைப்பு வண்டி வந்து திரும்ப 6 மீட்டர் தெளிவான இடம், அதில் மெக்கானிக்கல் பார்க்கிங் வைக்கக் கூடாது. 2018 டிசம்பரில் செம்பூர் திலக் நகரில் உயரமான ஒரு குடியிருப்பில் தீப்பிடித்து ஐந்து பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். உங்கள் ஊரிலேயே நடந்தது, கூட்டத்தில் யாராவது "அதெல்லாம் ஃபயர் டிபார்ட்மென்ட் பார்த்துக்கும்" என்றால் இதைச் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கீழ் மாடிதான் வசதி என்றால், குலுக்கலுக்கு முன்பே முதியவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு முன்னுரிமை என்று தீர்மானம் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, எதில் எழுதி வாங்குவது. கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின்படி சொசைட்டி ரீடெவலப்மென்ட்டுக்கு மகாராஷ்டிர அரசு போட்ட வழிகாட்டுதல், 2019-ல் திருத்தியது, 51 சதவீத ஒப்புதல் போதும் என்கிறது. பில்டரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குப் பதிவாளரின் பிரதிநிதி வர வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். அங்கே பேசுவது பதிவாகும், ஆனால் பில்டரைக் கட்டுப்படுத்துவது டெவலப்மென்ட் அக்ரிமென்ட்தான். ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை நம்பி உட்கார வேண்டாம், அது பெரும்பாலும் புது வீடு வாங்குகிறவர்களுக்கான காப்பு. அக்ரிமென்ட்டோடு ஒவ்வொரு வீட்டின் பிளானும், அறை அளவும், ஜன்னல் அளவும், எல்லைவரை விடுகிற தூரமும் மீட்டர் கணக்கில் இணைப்பாக வர வேண்டும். ஐஓடி (மாநகராட்சியின் முதல்கட்டப் பிளான் அனுமதி) வாங்கிய பிறகு பிளான் திருத்தினால், புதிதாக ஒரு சலுகை கேட்டால்கூட, பொதுக்குழுவின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் செல்லாது என்று ஒரு ஷரத்து. ஓசி (குடிபுகுவதற்கான மாநகராட்சிச் சான்றிதழ்) வராமல் யாரும் குடிபுக மாட்டோம், அதுவரை வாடகை ஓடும் என்று இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமையே பில்டருக்கு ஒப்புதல் தர வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. அன்றைக்கு ஒரு தீர்மானம் போதும்: சொசைட்டியின் செலவில், பில்டரோடு தொடர்பில்லாத ஒரு ஆர்க்கிடெக்டை நியமித்து, அவர் இந்தப் பிளானை அளந்து எழுத்தில் அறிக்கை தந்த பிறகே அடுத்த கூட்டம். அவருடைய சம்பளத்தை 32 வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு வரும் தொகை ஒரு மாத மெயின்டனன்ஸைச் சுற்றித்தான் இருக்கும்.