கிரெய்டனின் மணிக்கட்டு

அன்புள்ள ஐயா,
பேஸ்பால் வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். ஜிம் கிரெய்டன் என்ற புரூக்ளின் பையன் ஹோம் ரன் (ஒரே அடியில் முழுச் சுற்று) அடித்த வேகத்தில் வயிறு கிழிந்து 21 வயதில் செத்துப்போனானாம். உண்மையா? காசு வாங்கி ஆடிய முதல் ஆள் அவன்தானா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

எல்லோரும் அவன் செத்த கதையைத்தான் கேட்கிறீர்கள். எப்படி வீசினான் என்று ஒருவராவது கேட்கக்கூடாதா? சரி, உங்களை மட்டும் திட்டி என்ன பயன். 160 வருடமாக அமெரிக்காக்காரர்களுக்கே அந்தச் சாவுதான் ருசிக்கிறது.

காசு விஷயம்: ஆட்டக்காரருக்குப் பணம் தருவதை 1859இல் தடைசெய்துவிட்டார்கள். மறு வருடமே எக்ஸெல்சியர் கிளப் அவனை ஸ்டார் கிளப்பிலிருந்து இழுத்தது காசு கொடுத்துத்தான் என்பது பரவலான நம்பிக்கை. ரகசியப் பணத்துக்கு ரசீது கேட்காதீர்கள்.

வீச்சுக்கு வருகிறேன். அன்றைய விதிப்படி பிட்சர், அதாவது பந்து வீசுபவன், 45 அடி தூரத்தில் நின்று, கையை ஊஞ்சல் மாதிரி கீழிருந்து ஆட்டிவிட வேண்டும். முழங்கை மடங்கக்கூடாது, கை உடம்பில் உரசக்கூடாது, மணிக்கட்டு கட்டைபோல் நிற்க வேண்டும். அடிப்பவனுக்கு வசதியாகப் போட்டுக்கொடுப்பதே பிட்சரின் வேலை என்றிருந்த காலம். கிரெய்டன் மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, பந்தை விடுகிற கணத்தில் மட்டும் மணிக்கட்டைச் சொடுக்கினான். கை தொடையைத் தாண்டும் இடம் அது. நடுவர் கண்ணில் லேசில் படாது. பந்து தாழக் கிளம்பி, சுழன்றுகொண்டே இடுப்புக்கு ஏறும். அதற்குப் பழகியவனுக்கு மெதுவாக ஒன்றை மிதக்கவிடுவான். கிரிக்கெட்டில் முழங்கை வழக்கு ஓய்வதே இல்லையே, அதற்கு இது ஒன்றுவிட்ட அண்ணன்.

இன்னொன்று. மோசமான பந்தை, கிரிக்கெட் வைடு மாதிரி, 'பால்' என்று நடுவர் அறிவிக்கும் விதி 1864இல்தான் வந்தது. அதுவரை அடிப்பவன் தனக்குப் பிடித்த பந்து வரட்டும் என்று நிற்பான், பிட்சர் ஆசைகாட்டி வெளியே வெளியே போடுவான். பந்துக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். முழங்கையும் மடங்கக்கூடாது என்றால் வேகத்துக்கு எங்கே போவது? இடுப்பைத் திருகித்தான் எடுக்க வேண்டும். அத்தனை பாரமும் அடிவயிற்றில் இறங்கும்.

1862 அக்டோபர் 14, மோரிசானியா யூனியன் அணியோடு ஆட்டம். 18ஆம் தேதி போய்விட்டான். பழைய செய்தித்தாள்களைப் புரட்டியவர்கள் அன்று அவன் ஹோம் ரன்னே அடிக்கவில்லை என்கிறார்கள். ஏற்கெனவே இருந்த குடலிறக்கம் முற்றியது என்பதுதான் நம்பும்படி இருக்கிறது. அவன் கிரிக்கெட்டும் ஆடுவான் அல்லவா, கிளப் தலைவர் பழியைத் தூக்கி அதன்மேல் போட்டார்!

நீங்கள் ஒன்று செய்யுங்கள். மணிக்கட்டு மடங்காதபடி ஒரு ஸ்கேலை வைத்துக் கட்டிக்கொண்டு, 45 அடியிலிருந்து சுவரில் முப்பது டென்னிஸ் பந்து வீசுங்கள், கீழ்க்கையில்தான். பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு முப்பது. எங்கே இழுத்துப் பிடிக்கிறது என்று எழுதுங்கள்.