ஏமன் நாவல்: உங்கள் கூலிப்படை அத்தியாயம் பற்றி

1964-இல், ஏமன் உள்நாட்டுப் போரின்போது, அந்த மலைகளில் 300 பிரிட்டிஷ் கூலிப்படையினர் எகிப்துப் படையோடு நேருக்கு நேர் மோதுவதாக எழுதியிருக்கிறீர்கள். நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். எண்ணிக்கைதான் இடிக்கிறது. ஒரே சமயத்தில் அங்கே இருந்தவர்கள் சில டஜன் பேர்தான், பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. மன்னராட்சியைக் கவிழ்த்த குடியரசுத் தரப்புக்கு ஆதரவாக எகிப்து இறக்கியதோ உச்சத்தில் சுமார் 70,000 பேர். நேரடியாக மோதினால் அரை நாள் தாங்காது.

அவர்கள் வேலையே வேறு. அரியணை இழந்த ஏமன் மன்னர் இமாம் அல்-பத்ரின் பழங்குடிப் படைகளுக்குக் கண்ணிவெடி புதைக்கவும் மோர்ட்டார் சுடவும் கற்றுக்கொடுப்பது, குகைக்குள் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் தகவல் அனுப்புவது, காயத்துக்குக் கட்டுப்போடுவது. லண்டனிலிருந்து இயக்கியவர் எஸ்.ஏ.எஸ் என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையின் முன்னாள் அதிகாரி ஜிம் ஜான்சன். மனிதர் பிழைப்புக்குக் காப்பீட்டுத் தரகர்! செலவில் பெரும்பங்கு சவுதிப் பணம்.

விமானக் காட்சியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். இஸ்ரேல் விமானங்கள் இரவில் இமாம் தரப்புக்குப் பாராசூட்டில் ஆயுதம் போட்டது நிஜம். ஆனால் பெட்டியில் ஹீப்ரு எழுத்து இருக்காது. எங்கிருந்து வந்தது என்று தெரியக்கூடாது என்று அடையாளங்களை அழித்துத்தான் அனுப்பினார்கள்.

அப்புறம், மலைக்கிராமச் சந்தையில் நாயகன் பவுண்டு நோட்டை நீட்டுகிறானே, அதை யார் வாங்குவார்கள்? அங்கே அப்போது புழங்கிய, ஆஸ்திரிய அரசி உருவம் பொறித்த மரியா தெரசா வெள்ளிக்காசைக் கொடுக்கச் சொல்லுங்கள்.