அந்தப் பாளையில் மருந்து அடிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்வேலியை ஒட்டி ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிறது. துணி காயப்போடப் போனபோது பார்த்தேன், அதன் பாளையில் எள்ளைத் தூவியதுபோல் சின்னச் சின்ன வண்டுகள். கிட்டப் போனால் சோம்பு வாசம். மருந்து வாங்கி வந்துவிட்டேன். பாட்டிதான் தடுத்தார். "எங்க வேலைய எடுத்துக்கிட்ட வண்டு இது, இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார். வண்டு எப்படி வேலையை எடுக்கும்? மருந்து அடிக்கலாமா?
- வாசகி, குளுவாங்

பதில்: அடிக்கவே கூடாது. பாட்டி சொன்னது முழுக்க உண்மை.

காண்டாமிருக வண்டு என்று நினைத்துப் பயந்திருப்பீர்கள். அது பெரியது, தலையில் கொம்பு இருக்கும், குருத்தைத் துளைத்து மரத்தையே கெடுக்கும். நீங்கள் பார்த்தது மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள கூன்வண்டு. எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்று பெயர். ஆண் பாளையில்தான் முட்டையிடும். அதன் புழு தின்பது, மகரந்தம் கொட்டி முடிந்து வாடும் ஆண் பூவை. மரத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

பாளையில் ஒரு கதிரை ஒடித்து வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். விழும் வண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உடம்பில் மெல்லிய மயிர் தெரியும், அதில் ஒட்டிய மஞ்சள் மகரந்தமும் தெரியும். ஒரே மரம் ஆண் பாளையும் விடும், பெண் பாளையும் விடும், ஆனால் வெவ்வேறு காலத்தில். ஆகவே மரம் விட்டு மரம் மகரந்தத்தை யாராவது கொண்டுபோயாக வேண்டும். பெண் பாளை விரியும்போது அதிலிருந்தும் அதே சோம்பு வாசம் லேசாகக் கிளம்பும். வண்டு அதை நம்பிப் போகும். அங்கே அதற்குத் தீனியும் கிடையாது, முட்டையிட இடமும் கிடையாது. அது திரும்பிப் போவதற்குள் மகரந்தம் உதிர்ந்து, குலை பிடித்துவிடும்.

சரி, பாட்டி விஷயத்துக்கு வருவோம். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். இங்கே மலேசியாவில் வணிகப் பயிராக முதலில் நட்டது 1917இல், சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில். மரம் வந்தது, அதன் வண்டு வரவில்லை. காற்றும் உள்ளூர்ப் பூச்சிகளும் முடிந்ததைச் செய்தன. அது போதாத தோட்டங்களில் மனிதர்கள் கையால் செய்தார்கள். ஆண் பாளையை வெட்டி, மகரந்தத்தை உதிர்த்து, காயவைத்து, சலித்து, டால்க் மாவுத்தூளில் கலந்து, விரிந்த பெண் பாளையைத் தேடித் தேடி ஊத வேண்டும். பெண் பாளை விரிந்து நிற்பது இரண்டு மூன்று நாள்தான். தவறினால் அந்தக் குலை போயிற்று. அதனால் ஒரே நிரைக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும், மட்டை முள்ளுக்குள் கையை விட வேண்டும். உங்கள் பாட்டியின் வேலை இதுதான்.

எழுபதுகளின் இறுதியில் ரகுமான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் ஆராய்ந்து, செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு பூச்சிகளுடையது என்று காட்டினார். வேறு பயிரைத் தொடுமா என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் வண்டை இங்கே விட்டார்கள். எங்கே தெரியுமா? உங்கள் குளுவாங் வட்டாரத் தோட்டத்தில்தான். அதற்கப்புறம் ஊதுகிற வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. செம்பனை வரலாறு எழுதுகிறவர்கள் வண்டு வந்த நாளைத் தேதியோடு குறிக்கிறார்கள். அதே வேலையை அதற்கு முன் செய்தவர்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் 'கூலிச் செலவு' என்ற ஒரு வரிதான். பேர் இல்லை, முகம் இல்லை. தன் வேலையை எடுத்துக்கொண்ட வண்டை மருந்திலிருந்து காப்பாற்றிய உங்கள் பாட்டிக்கு அதன் அருமை தெரிகிறது. அவர் அருமையை நாம்தான் கேட்டு வைக்கவில்லை.

மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன கூலி, எதை வைத்து ஊதினார்கள், கூட வேலை செய்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.